தீர்மானம் எண் 214

வென்டல் ப்ரூக்கர் வாசிக்கிறார்:
ரசிகர் அனுபவம், இருபத்தாறு லட்சம் டாலர்.
அனுபவம் என்ற சொல்லுக்கு மட்டும்
அவர் குரலில் ஒரு மெழுகுப் பூச்சு.

நகரசபையில் கூட்டக் குறிப்பு எழுதுபவள் நான்.
யார் எது சொன்னாலும் தட்டுவேன்.
தும்மலை விட்டுவிடலாம் என்பது விதி.

ஆற்றோர வாகன நிறுத்தத்தின் தார்மேல் விரிக்க
நிஜப் புல், சுருள் சுருளாக.
ஆறு மாடி உயரத் திரை, வாடகைக்கு.
கழிப்பறைப் பெட்டிகள் நூற்று எண்பது.
காற்றடைத்த பந்து ஒன்று, வீடு அளவு;
இரவில் அதற்குக் காவல் இரண்டு பேர்.
பதினொரு நாளும் இலவசப் பேருந்து,
பத்து நிமிடத்துக்கு ஒன்று, நள்ளிரவு வரை.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
அளந்துதான் போட்டோம்.
ஆறு பக்கத்திலேயே ஓடியது வசதி.

ஒன்பதுக்கு ஐந்து. நிறைவேறியது.

பொய் சொல்லக் கூடாது, நன்றாக இருந்தது.
நானும் போனேன், மூன்றாம் நாள்.
கூடுதல் நேரத்தில், தொண்ணூற்று நான்காம் நிமிடத்தில்
அந்தத் தலைமுட்டு வலைக்குள் போனபோது
வறுத்த கடலை விற்றவன் தட்டைக் கீழே போட்டு
என்னைக் கட்டிக்கொண்டான்.
அவன் பெயர் தெரியாது. எந்த அணிக்கு அழுதான்
என்றும் தெரியாது.
என் கம்பளிச் சட்டையில் இன்னும் உப்பு.

அடுத்த மாதக் கூட்டம்.
பொதுமக்கள் பேச மூன்று நிமிடம்.
செனாதா ஹாசிச், ஒலிவாங்கியைத் தன் உயரத்துக்கு
இறக்கத் தெரியாமல் நிமிர்ந்தே பேசினார்.

"மருத்துவமனை நாலாம் மாடி நான் துடைப்பது.
பதினொன்றுக்கு முடியும்.
முப்பத்துநாலாம் பேருந்தை ஒன்பதோடு நிறுத்திவிட்டீர்கள்
போன வருடம்."

(தீர்மானம் 88. அதையும் தட்டியவள் நானே.
மிச்சம் இரண்டு லட்சத்துச் சொச்சம்.
கைதட்டல் இருந்தது.)

"பிறகு பந்துப் பேருந்து வந்தது, என் முனை வழியாக.
முகத்தில் புலி வரைந்த பையன் எழுந்து இடம் கொடுத்தான்.
என் கையில் பினாயில் வாசனை.
அவன் மேல் பியர் வாசனை.
பதினொன்றே காலுக்கு வீட்டில் இருந்தேன்.
மகள் பின்னக் கணக்கோடு விழித்திருந்தாள்.
முட்டை பொரித்தோம்.
பதினொரு ராத்திரி, பதினொரு முறை பொரித்தோம்.

பன்னிரண்டாம் நாளும் நின்றேன்.
லாரி ஒன்று போனது. அதில் புல்,
பழுத்துச் சுருண்டு.
அப்புறம் நடந்தேன்."

மணி அடித்தது. அவர் நிறுத்தவில்லை.

"பந்துமேல் எனக்குக் கோபம் இல்லை.
ஒன்றுதான் தெரிய வேண்டும்.
அடுத்த கோப்பை எப்போது?"

யாரோ சிரித்தார்கள். நகைச்சுவை என்று நினைத்து.
ப்ரூக்கர் நன்றி சொன்னார், பெயரைப் பிழையாக.

பொதுமக்கள் பேச்சு ஒரு வரிக்கு மேல் போகக் கூடாது.
"நகரவாசி ஒருவர் போக்குவரத்து பற்றிக் கேட்டார்"
என்று எழுதினேன்.
கேட்டார் என்பதை அடித்து, பேசினார் என்றேன்.
கேட்டார் என்றால் பதில் என்ற ஒரு வரி வேண்டும்.

ஒன்பதே முக்காலுக்குக் காரை எடுத்தேன்.
முனைக் கம்பத்தில் சிரிக்கும் பந்து ஒட்டி
பத்து நிமிடத்துக்கு ஒன்று என்று இன்னும் இருந்தது.
கீழே அவர்.
கூட்டத்துக்கென்று விடுப்பு எடுத்திருந்த ராத்திரி,
நல்ல காலணி.

என் வீடு எதிர்த்திசை.
நிறுத்தினேன்.

முன்கதவைத் திறந்து பிடித்தேன்.
அவர் பின்கதவைத் திறந்து,
ஜன்னலோரம் நகர்ந்து,
பக்கத்தில் இன்னொருவருக்கு இடம் விட்டு உட்கார்ந்தார்.

கைப்பையில் சில்லறை துழாவும் சத்தம்.

எவ்வளவு என்று கேட்டார்.