மருந்து

எங்கள் ஊரில் மருந்து என்றால் இரண்டு.
ஒன்று நெல்லுக்கு, ஒன்று நமக்கு.
"மருந்து குடிச்சிட்டான்" என்று யாராவது ஓடி வந்தால்
எது என்று ஒருவரும் கேட்பதில்லை.
டிராக்டரைத்தான் எடுப்பார்கள்.
திருத்துறைப்பூண்டி ஆஸ்பத்திரி பதினேழு கிலோமீட்டர்.
பாலத்தில் வேலை நடந்தால் இருபத்திரண்டு.

செபஸ்தியார் கோயிலில்
சாமியார் பூசை உடுப்பு மாற்றுகிற அறையில்
ஒரு தேக்கு அலமாரி.
கஜாவில் கூரை போனபோதும் அது நகரவில்லை.
லிகோரி சாமியார் வந்த வருஷம்
அங்கிகளை எடுத்துக் கொடியில் போட்டுவிட்டு
முழம் போட்டு அளந்தார்.
தச்சர் பக்கிரி நாற்பத்தெட்டு அறை தடுத்தார்,
தலைக்கட்டுக்கு ஒன்று.
பூச்சி மருந்து இனி யார் வீட்டிலும் இருக்காது.
இரண்டு பூட்டு. ஒரு சாவி
கோயில்பிள்ளை சந்தியாகுவிடம்.
ஒன்று என்னிடம்.

நான் அந்தக் கோயில்காரி இல்லை,
பிடாரிக்குக் காப்புக் கட்டுகிறவள்.
முதலில் உள்ளே போன பாட்டில்
என் வீட்டுக்காரர் பாதி வைத்துவிட்டுப் போனது.
அதனால் சாவி.

"நம்ம மருந்தை நாம எடுக்கக் கையெழுத்தா?"
ஒரு மாதம் யாரும் வரவில்லை.
வந்தபிறகு மதலேன் முறையிட்டாள்,
தவக்காலத்து ஊதா அங்கியில் அந்த வாடை என்று.
சாமியார் அதை உடுத்திக்கொண்டே பூசை வைத்தார்.
சாம்பிராணியையும் மீறிக்கொண்டு
கடைசி பெஞ்சு வரை வந்தது.

நோட்டில் நாலு கோடு:
பெயர், வயல், எடுத்தது, திரும்பியது.
அந்திமணிக்குள் மிச்சம் வந்துவிட வேண்டும்.
ஐந்தாவதாக நானே ஒன்று இழுத்தேன்: முகம்.

சூசைமாணிக்கம் — தூங்கவில்லை.
காத்தமுத்து — வட்டி.
லூர்தம்மாள் — ஓயாமல் பேசினாள், பரவாயில்லை.
ஹாஜாமைதீன் — இருமல், மூன்று வாரமாம்.
புதன்கிழமை அதே மேசையில்
பிரஷர் பார்க்க வருகிற நர்ஸிடம் காட்டினேன்.
சளி எடுத்துப் போனாள்.
ஆறு மாதத்து மாத்திரை அவருக்கு
நாற்பத்தொன்பதாவது அறை ஆனது.

தை பிறந்தபின் பெய்யக் கூடாத மழை
நாலு நாள் பெய்தது.
சம்பா படுத்துவிட்டது. கதிர்
தண்ணீருக்குள்ளேயே முளை விட்டது.
ஐந்தாம் நாள் ராத்திரி வைரக்கண்ணு கதவைத் தட்டினான்.
"அக்கா, மருந்து எடுக்கணும்."

அறுப்புக்கு நின்ற வயலுக்கு எதற்கு மருந்து?
கேட்கவில்லை நான்.
சந்தியாகு வேளாங்கண்ணி போயிருக்கார்,
விடிஞ்சாத்தான் வருவார் என்றேன்.
மூன்றாம் வீட்டில் சந்தியாகுவின் குறட்டை
எங்கள் இருவருக்குமே கேட்டது.

கோயில் படியில் உட்கார்ந்தோம்.
ஈரப்பதம் இருபத்திரண்டு என்று
கொள்முதல் நிலையத்தில் மூட்டையைத் திருப்பியதைச் சொன்னான்.
நகை எந்த பேங்கில், எந்தத் தேதியில் ஏலம் என்று சொன்னான்.
ஒருமுறை அழுதான்.
ஒருமுறை என் தோளில் கொசு அடித்தான்.
எனக்குச் சொல்ல ஒன்றும் தெரியவில்லை.
அவர் அன்றைக்கு இதில் கால்வாசி பேசியிருந்தால் என்று
நினைக்க வந்தது.
எழுந்து போய் டீ போட்டேன்.

நாலரைக்கு மணியடிக்க வந்தார் சந்தியாகு,
வேட்டியை இடுப்பில் இறுக்கிக்கொண்டே.
"எப்ப வந்தீங்க வேளாங்கண்ணிலேருந்து?"
வைரக்கண்ணுதான் கேட்டான்.
அவர் என்னைப் பார்த்தார்.
"இப்பத்தான்" என்றார்.

பொய் சொன்னால் அவருக்கு
முழங்காலிட்டுச் சொல்ல ஒரு ஜன்னல் உண்டு.
எனக்கு இந்த நோட்டுதான்.
நர்ஸ் வந்தாள், மன்னார்குடியில் ஒரு டாக்டரிடம்
அவனைக் கூட்டிப்போனாள்.
ஏலம் நிற்கவில்லை. ஒரு வளையல் போயிற்று.

ஆடியில் குறுவைக்கு மருந்தடிக்க வந்தான்.
பாதி பாட்டில் எடுத்தான்.
வெயில் சாய்வதற்குள் மிச்சம் திரும்பியது.
ஐந்தாவது கோட்டில் எழுதினேன்:
மீசையை எடுத்திருக்கிறான்.
பொருந்தவே இல்லை.