முப்பத்தேழு பாகை

சம்மாந்துறை ஆதம்பாவாவின்
முழங்கையிலிருந்து எடுத்த கட்டி
புளியங்கொட்டை அளவு.
பாதி நோயியல் பிரிவுக்குப் போனது.
மீதி ஐஸ் பெட்டியில்
வந்தாறுமூலை பஸ்ஸேறி என்னிடம் வந்தது.

அரிந்தேன். நொதியில் பிரித்தேன்.
களித்துளிகளுக்குள் வைத்தேன்.
பதினோராம் நாள்
ஜவ்வரிசியாய் உருண்டு நின்றன
அவருடைய நரம்பின் உறைகள்.

"கேடில்லாத கட்டியெண்டுதானே சொன்னாங்க,
பிறகென்னத்துக்கு மகள் வளர்க்கிறீங்க?"
போனில் கேட்டார்.
கேடில்லாததுதான்.
ஆறு வருசம் நெல்மூட்டை பிடிக்கையில்
சுண்டுவிரலை மரக்கவைத்தது.
ஏன் முளைத்ததென்று
இன்னும் வாய் திறக்கவில்லை.

"என்ன தின்னும்?"
இளஞ்சிவப்புத் திரவம்,
இரண்டு நாளைக்கொருமுறை,
பெருநாளன்றும்.
"நோகுமா?"
நோவென்று அறிய அதற்கு மூளையில்லை என்றேன்.
கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை.
பின்னால் மில் ஓடியது.

நேற்றிரவு கரண்ட் போனது.
ஜெனரேட்டர் பிடிக்க ஆறு நிமிடம்.
இன்குபேட்டரைத் திறக்கக்கூடாது;
காய்ச்சல்காரன் நெற்றியில் வைப்பதுபோல்
கதவில் கைவைத்து இருட்டில் நின்றேன்.

விடியவே அழைப்பு.
"ராவு இஞ்சயும் கரண்ட் இல்ல.
அதுகள் சுகமா மகள்?"

சுகம் என்றேன்.
பத்து மணிக்கு
முதல் மருந்து விடவேண்டும்.
எத்தனை சாகின்றன என்று
எண்ணவேண்டும்.