கமத்திய சிரட்டை

ஆலஞ்சோலை. மழைக்குப் பால்வெட்டு நின்று
பதினோரு நாள்.
மரத்துக்கொரு சிரட்டை,
சிரட்டைக்குள் ஒரு துண்டு வானம்,
அதில் நெளிகிறது புழு.

கமத்துகிறேன், நகர்கிறேன்.
நானூற்றுப் பன்னிரண்டு வரை எண்ணினேன்.
பிறகு அட்டை ஏறிவிட்டது.

ரெஜிஸ்டரில் ஒரு கட்டம்:
புழு தின்னும் உயிர் ஏதும் உண்டா?
ரப்பர் என்று எழுதி
அடித்தேன்.

வெள்ளறடைப் பக்கமும் இதே மரம், இதே வரிசை.
கொசுவுக்குச் செக்போஸ்ட் ஏது.

வீங்கிய முட்டியைப் பிடித்தபடி
வெட்டுக்காரர் வேதமாணிக்கம் கேட்டார்:
"எத்தற கமத்துன மக்ளே?"
சொன்னேன்.
"நாளைக்கும் மழ உண்டு."

ஓடைக்கு அக்கரையில்
யாரோ வழக்குப் போட்டதால் மிஞ்சிய காடு.
அங்கேயும் மரப்பொந்தில் தண்ணீர்,
கமத்த முடியாதது.
டார்ச் அடித்துப் புழு தேடினேன்.
உள்ளே ஏதோ ஒன்று
வாயை மூடிக்கொண்டது.