கழுவுமேடை

எனக்குத் தந்த வேலை ஒரே வரி:
இந்தத் தீவின் மண் ஒரு துகளும்
விமானம் ஏறக்கூடாது.
கழுத்தில் அட்டை தொங்கவிட்டார்கள்,
மர்ஹாமா என்ற பெயரில் ஓர் எழுத்தை விழுங்கி.

பாங்காவில் ஜூன் என்றால் வெயில் என்று
குளிர்நாட்டு மேசை ஒன்றில்
யாரோ கோடு போட்டுக் கணக்கிட்டிருந்தார்கள்.
வானத்துக்கு அந்தத் தாள் போய்ச் சேரவில்லை.
வெள்ளி இரவு தொடங்கியது,
தகரக் கூரையில் சரளைக்கல் கொட்டுவதுபோல்.

விடிந்தபோது ஓடுபாதை கஞ்சி.
லாரி லாரியாய்க் கொட்டிய செம்மண் மேடுகள்
ஒவ்வொன்றாய் உட்கார்ந்துவிட்டன.
பதினெட்டு நாட்டுக் கொடிகளும்
கம்பத்தோடு ஒட்டி ஒரே நிறமாயின.

இன்ஸ்பெக்டர் வந்தார்.
அனுமதியில்லாத ஈயக்குழி என்று
போன மாதம் எங்கள் பம்புகளைத் தூக்கிப்போனவர்.
சோபியான் வீட்டுமுன் நின்றார்,
தொப்பி கையில், தண்ணீர் மூக்கில்.
"உறிஞ்சுகிற பம்பு எத்தனை இருக்கு?"
"எங்ககிட்ட ஒண்ணுமில்ல ஐயா.
உங்ககிட்டதான் ஏழு இருக்கு."

ஸ்டேஷன் கொட்டகை திறந்தது.
அரக்கு முத்திரையோடு ஏழும்
மதியம்வரை இருமி இருமி
பந்தயத்தைக் குட்டைக்குள் துப்பின.

ஒன்றரைக்குச் சங்கு.
நாற்பது வண்டிகளில் பதினொன்று
முதல் வளைவிலேயே படுத்துக்கொண்டன.
எண்பலகைகள் மறைந்ததும்
அறிவிப்பாளர் பெயர்களைக் கைவிட்டார்:
"யாரோ முந்துகிறார்! யாரோ! இன்னொரு யாரோ!"
மார்த்தபாக் வண்டியின் குடைக்கடியில்
நெருங்கி நின்ற ஊர்
யாரோவுக்காகத் தொண்டை கிழியக் கத்தியது.
அமைச்சர் பரிசு கொடுக்கையில்
மேடைப்படியில் வழுக்கியதற்கும் அதே சத்தம்.

இரண்டாவது ஓட்டம் ரத்து.

லாட்வியாவின் ஐவார்ஸ்
வண்டியைத் தள்ளிக்கொண்டு என்னிடம் வந்தான்.
நூற்றுச் சொச்சம் கிலோ வண்டி,
அதன்மேல் இருபது கிலோ நாங்கள்.
அழுகிறானா சிரிக்கிறானா தெரியவில்லை;
பல் மட்டும் வெள்ளையாய் இருந்தது.

பதினாறு வருடம் குட்டைநீரில்
இடுப்பளவு நின்று மரத்தட்டு சுழற்றியவள் நான்.
அங்கே மண் போகும், ஈயம் தங்கும்.
இங்கே மண் போகும், வண்டி தங்கும்.
கைக்கு வித்தியாசம் சொல்லவில்லை.
நீர்த்துப்பாக்கியின் உதைப்பு மட்டும்
தோளுக்குப் புதிது.

கையுறை போட்ட அதிகாரி
செயின் பல்லிடுக்கில் டார்ச் அடித்தார்.
விரல்நுனியில் ஒரு துகளை எடுத்து
ஏதோ நோயைப்போல எனக்குக் காட்டினார்.
அந்நிய மண்ணில் விதை இருக்குமாம், புழு இருக்குமாம்,
அவர்கள் துறைமுகம் ஏற்காதாம்.

இருநூறு வருடமாகக் கப்பல் கப்பலாய்
இந்தத் தீவு போனபோது
எந்தத் துறைமுகத்தில் டார்ச் அடித்தார்கள்
என்று கேட்கவில்லை.
விசையை இன்னொரு முறை அழுத்தினேன்.

எல்லாம் முடிந்து
ஐவார்ஸ் என் கையைப் பிடித்துக் குலுக்கினான்.
பத்து நகக்கண்ணிலும் செம்மண்.
அதிகாரி வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரவு, மேடையின் வடிகாலில் நான் கட்டியிருந்த
சாக்கை அவிழ்த்தேன்.
பழைய மரத்தட்டு, பழைய சுழற்சி.
செம்மண் விலகியது; அடியில்
எள்ளுப்போல் கறுப்பாய் ஈயமணல், ஒரு கைப்பிடி.
யார் நிலத்தில் வெட்டி
எந்த லாரியில் ஏற்றிய மண்ணோ.

அக்கியோங் தராசில் போட்டுப் பார்த்தான்.
மழைநாள், ஈரம் கழித்துத்தான் விலை என்றான்.
கழி என்றேன்.
முள் எங்கே நிற்கிறது என்று
இரண்டு பேரும் குனிந்தோம்;
கூரை ஒழுகி தட்டில் ஒரு சொட்டு விழுந்தது.
துடைத்துவிட்டு
மறுபடி முதலிலிருந்து.