விரல் பொருந்தவில்லை

காலை ஏழு ஐம்பத்தெட்டு.
கார்கோ ஆபீஸ் வாசலில்
வருகைப் பெட்டி என் கட்டைவிரலை
ருசி பார்த்துவிட்டுத் துப்புகிறது:
பொருந்தவில்லை. மறுபடி வைக்கவும்.

துடைத்து வைக்கிறேன்.
ஊதி வைக்கிறேன்.
இடக்கை விரலும் நானில்லையாம்.
பின்னால் ஒன்பது பேர்.
மாரிசெல் எட்டித் தன் விரலை வைக்க
பச்சை எரிந்து
நன்றி என்கிறது, அவளுக்கு மட்டும்.

ஆறு வருஷமாய் இந்த ஷார்ஜாவில்
நான்தான் எமல்டா என்று
எனக்காகச் சாட்சி சொன்ன ரேகைகள்
முப்பத்தோராவது வாரத்தில்
உப்பிய தோலுக்குள் முங்கிவிட்டன.

முதலில் போனது வாய்.
குழாய்த் தண்ணீரில் சாவிக்கொத்தின் ருசி.
கடலை உப்பு நீக்கித்தான் தருகிறார்கள் இங்கே;
நீக்கிய உப்பை
என் நாக்கடியில் கொட்டுகிறார்களோ என்னவோ,
ஊறியது எச்சில், ஊறிக்கொண்டே இருந்தது.
விழுங்கினால் குமட்டும்.
காலி லபன் பாட்டில் ஒன்றைக் கழுவிப்
பைக்குள் வைத்துக்கொண்டேன்.
இன்வாய்ஸ் ஒன்றுக்கு ஒரு துப்பல்.
மேனேஜர் ஹம்தி
எனக்கு லபன் அத்தனை பிடிக்கும் என்று நினைத்து
ஒரு பெட்டி வாங்கித் தந்தார்.

எதிரே எழும்பும் கட்டடத்தில்
சாயங்காலம் சிமெண்டுக்குத் தண்ணீர் அடிப்பார்கள்.
அந்த வாசனைக்கு
ஏசியை அணைத்து, ஜன்னலைத் திறந்து,
நாற்பத்தாறு டிகிரியை வீட்டுக்குள் விட்டு
நிற்பேன்.
ஆளில்லாத மாடிப்படியில்
புதிதாய்ப் பூசிய சுவரை
ஒரு முறை, ஒரே ஒரு முறை
நக்கியிருக்கிறேன்.
சூசைக்கும் சொல்லவில்லை.

அவன் எண்ணெய் மேடையில்.
இருபத்தெட்டு நாள் கடல், இருபத்தெட்டு நாள் நான்.
போன் திரையில் உறைந்து, உடைந்து, மறுபடி கூடி
மூக்கு என்ன பிள்ளே இப்பிடி ஆயிட்டு என்கிறான்.
உங்க அம்மைக்க மூக்குதான், வந்து சேர்ந்திருக்கு என்றேன்.
சிரித்தானா, சிக்னல் போனதா,
தெரியவில்லை.

செருப்பு ஒரு நம்பர் கூடியது.
கழுத்தைச் சுற்றி அழுக்கு போல் ஒரு கறுப்பு,
தேய்த்துத் தேய்த்து, தோல்தான் உரிந்தது.
தொப்புளிலிருந்து கீழே ஒரு கோடு இறங்கியது,
யாரோ என்னை
நேர் பாதியாய் மடிக்கப்போகிறவர்கள் மாதிரி.
கல்யாண மோதிரத்தை ரோலாவில்
பொற்கொல்லர் ஒருவர் வெட்டி எடுத்தார்.
வெட்டும்போது என்னைப் பார்க்கவில்லை.
விரலைத்தான் பார்த்தார்,
பாவம் என்பதுபோல்.

பிறகு வந்தது அரிப்பு.
உள்ளங்கையில், உள்ளங்காலில், ராத்திரியில் மட்டும்.
சொறிந்தால் தடமில்லை, தடிப்பில்லை.
உள்ளங்கை அரித்தால் காசு வரும் என்றார்கள் போனில்.
உறைந்த பட்டாணிப் பாக்கெட் மேல்
காலை வைத்தபடி
வராத காசுக்குக் காத்திருந்தேன் மூன்று இரவு.

மருந்துக்கடை மலையாளப் பையன்
எடுத்த களிம்பைத் திரும்ப அலமாரியில் வைத்தான்.
க்ரீம் வேண்டா சேச்சி, ப்ளட் நோக்கணும்.

சூடானிய டாக்டர் இக்லாஸ்
தாளைத் திருப்பிக் காட்டினார்.
பித்தம். ரத்தத்தில் கலந்திருக்கிறது.
எங்கள் ஊரில் அது தலைக்குத்தான் ஏறும்.
எனக்குக் கைக்கு ஏறியிருக்கிறது.
அவருக்கு இதைச் சொல்ல ஆங்கிலம் போதவில்லை.
நாள் முழுக்கப் பொறுக்க முடியாது என்றார்,
முன்னாலேயே எடுத்துவிடுவோம்,
வாரம் ஒரு முறை ரத்தம்,
அசைவு குறைந்தால் நடுராத்திரியானாலும் வா.
அன்றிலிருந்து எண்ணுகிறேன்.
சரக்குப் பெட்டிகளை எண்ணும் அதே பென்சிலால்
உதை ஒன்றுக்கு ஒரு கோடு.

இப்போது ஹெச்.ஆர். ஆள் வந்து
பெட்டியின் வயிற்றைத் திறக்கிறான்.
பழைய ரேகையை அழிக்கட்டுமா என்கிறான்.
வேண்டாம், அது இருக்கட்டும்,
திரும்பி வருவேன் என்று நினைக்கிறேன்.
தோளைக் குலுக்கிவிட்டு வேறேதோ அழுத்துகிறான்.
வைக்கிறேன் விரலை. வீங்கிய விரல்.
உள்ளேயிருந்து ஒரு உதை, விலாவுக்குக் கீழே.

பச்சை.
புதிய நபர் சேர்க்கப்பட்டார்.
பன்னிரண்டு நிமிடம் தாமதம்.