மாலைக் கணக்கு

தெகிவளையில் எங்கள் குவாட்டர்ஸ் கதவுக்கு இரண்டு கொண்டி.
மேலதைப் போட்டு இழுத்துப் பார்ப்பார்,
கீழதைப் போட்டு இழுத்துப் பார்ப்பார்,
பிறகு மேலதை இன்னொரு தரம்.
இருபத்திரண்டு வருஷம் கரடிக் கூட்டுக்குச் செய்ததை
கை வீட்டுக்கும் செய்கிறது.
கள்ளன் பயமென்று நினைக்கவேண்டாம்.
மதிலுக்கு அந்தப் பக்கம் சிங்கம் செருமுகிற வீட்டுக்கு
எந்தக் கள்ளன் வருவான்?

பிறகு எண்ணுவார்.
விரல் நீட்டாமல், உதடு மட்டும் அசைய.
டிவிக்கு முன்னால் நிரோஜா.
குளியலறையில் வாளி உருளும் சத்தம், அது றெஜினோல்ட்.
அடுப்படியில் நான்.
தன்னைச் சேர்ப்பதில்லை,
கூடு கழுவுகிறவனைக் கூட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லையாம்.
"மூண்டு. கணக்குச் சரி" என்பார்,
யாரோ பெரியவர் புத்தகத்தோடு நிற்கிற மாதிரி.

எனக்குத் தீன் அறையில் வேலை.
விடிய ஐந்தரைக்குப் பப்பாசி, அதற்குப் பிறகு பூசணி.
மலையணிலுக்கு இவ்வளவு, இருவாச்சிக்கு இவ்வளவு,
தராசு முள் நடுங்கி ஓயும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு.
வீட்டில் உப்பைக் கையால் அள்ளிப் போடுகிறேன்.
சொதி கரித்த நாளில் நிரோஜா சொன்னாள்:
"குரங்குக்குக் குடுக்கிற கவனம் எங்களுக்கில்லை."

காஸ் சிலிண்டரைச் சங்கிலியால் கட்டி
மூன்று நாள் வரிசையில் வைத்திருந்த அந்த வருஷம்,
பால்மா இல்லை, பாண் பாதியாகச் சுருங்கிப்போனது.
கீரிக்கு மட்டும் முட்டை வந்தது, எண்ணி.
ஒன்றை எடுத்தேன்.
இவருக்கு இன்றுவரை சொல்லவில்லை.
அவித்து, நூலால் இரண்டாக அறுத்து, பிள்ளைகளுக்குக் கொடுத்தேன்.
அடுத்த நாள் கீரி என்னைப் பார்த்த பார்வையில்
ஒரு வித்தியாசமும் இல்லை.
ஏதாவது இருந்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

சண்டை வந்தால் எனக்கு முதுகு காட்டமாட்டார்.
பின்பக்கமாகவே நடந்து,
கையால் தடவிக் கதவைத் திறந்து, வெளியே போவார்.
நடுக் கோபத்தில் சிரிப்பு வந்துவிடும் எனக்கு.
"நானென்ன கரடியோ?"
"கரடிக்கு எப்ப நிப்பாட்டவேணும் எண்டு தெரியும்"
என்று குரல் மட்டும் வாசலிலிருந்து வரும்.

றெஜினோல்டைப் பள்ளிக்கூடத்தில்
சிங்க மூத்திரம் மணக்குது என்றார்கள்.
அழுதுகொண்டு வந்தான் ஒரு கிழமை.
அடுத்த கிழமை அதே பொடியன்களுக்கு
உதிர்ந்த மயிலிறகு விற்றான், ஒன்று இருபது ரூபாய்,
கடன் சொன்னவர்களுக்கு முப்பது.
அப்பவே நினைத்தேன், இவன் இங்கே நிற்கமாட்டான் என்று.

ஆவணியில் டோஹாவுக்குப் போனான்.
கட்டுநாயக்காவில் இவர் ஒரு சொல்லும் பேசவில்லை.
சூட்கேஸ் பூட்டை இழுத்துப் பார்த்தார்.
கொஞ்சம் நின்று, மறுபடியும் இழுத்துப் பார்த்தார்.

நேற்று அழைத்தான். அங்கே எட்டு, இங்கே பத்தரை.
அறையில் ஆறு பேராம், ஏசி இரைச்சலாம்,
மூன்று மாதமாகச் சரியான நித்திரை இல்லையாம்.
"அம்மா, ஃபோனை ஜன்னலுக்கு வெளியில பிடிங்க."
பிடித்தேன்.
கடற்கரைப் பக்கம் ரயில் ஒன்று போனது.
பக்கத்து வீட்டு நாய். எங்கோ ஒரு மயில், கிழிந்த தொண்டையோடு.
சிங்கம் வாயே திறக்கவில்லை,
இத்தனை வருஷம் பரீட்சைக் காலத்திலெல்லாம் கத்தித் தொலைத்த சிங்கம்.
கை கடுத்தது. நிரோஜா வாங்கிப் பிடித்தாள்.
டேட்டா முடிந்து லைன் போகும்வரை
அவன் ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும்தான்.

பிறகு இவர் எழும்பி மேல் கொண்டி, கீழ் கொண்டி,
மேல் கொண்டி.
உதடு அசைந்து நின்றது.
வரிக்குதிரையை வேறு இடத்துக்கு அனுப்பினால்
புத்தகத்தில் பெயரை வெட்டமாட்டார்கள்,
பக்கத்தில் ஒரு சொல் மட்டும் எழுதுவார்கள்.

"ரெண்டு உள்ள" என்றார்.
"ஒண்டு இரவல்."
லைட்டை அணைத்தார்.