மூன்றாவது வரி

கானாடுகாத்தான். ராத்திரி பதினொன்றே கால்.
மாளிகை ஓட்டலின் சமையல்கட்டுக்குப் பின்னால்
கவிழ்த்த பால் கிரேட்டுகளில் நாங்கள் நால்வர்.
முன்கட்டில் பிரெஞ்சுக்காரர்கள் இன்னும் கைதட்டுகிறார்கள்,
எங்களுக்கா, வாணவேடிக்கைக்கா, தெரியவில்லை.

சென்னையிலிருந்து வந்த தம்பி
போனைச் சட்னிக் கிண்ணத்தில் சாய்த்து வைத்துக் கேட்கிறான்:
"உங்களுக்கு யார் யாரோட பாதிப்பு?"

அருளப்பன் சாக்ஸபோனின் கழுத்தைத் துடைக்கிறான்.
"தேவகோட்டை பேண்டு செட்டுல பதினாறு வருஷம்.
செவப்புக் கோட்டு. பொத்தான்ல
எவனோ ரயில்வேக்காரன் முத்திரை.
தெரு முக்கு வந்தா ஒரு சுரத்த நீட்டியே ஆகணும்,
டியூப்லைட் தூக்குற பயலுக
வயரு சிக்காம திரும்புற வரைக்கும்.
இப்ப கேக்குறாங்க,
அந்த நீட்டல எந்த அமெரிக்காக்காரன்ட்ட எடுத்தேன்னு.
முக்குல எடுத்தேன்.
உக்காந்து வாசிக்கிறதுதான் இன்னும் பழகல.
காலு சும்மா இருந்தா மூச்சு கணக்குத் தப்புது."

சிக்கந்தர் கைகழுவி வருகிறான். கிரீஸ் போகவில்லை.
இரண்டாவது பாட்டில் செத்துப்போன ஜெனரேட்டரை
எழுந்துபோய் உசுப்பிவிட்டு
விட்ட இடத்திலேயே வந்து உட்கார்ந்தவன்.
"கேசட்டு கேட்டுத்தான் படிச்சேன், பொய் சொல்ல மாட்டேன்.
பினாங்குலேர்ந்து மாமு கொண்டாந்தது.
பேரு எழுதின தாளு ஈரத்துல ஊறிப்போச்சு,
யாரு வாசிச்சதுன்னு இன்னைக்கும் தெரியாது.
பிளேயர்ல பெல்ட் தேஞ்சு
எல்லா அடியும் அரை மாத்திரை பிந்தி விழும்.
அப்படியே படிச்சேன்.
பிந்தி விழுறது அழகுன்னு சென்னையில சொன்னாங்க.
நான் திருத்தல."

தம்பி என் பக்கம் திரும்புகிறான்,
பதிலைக் கேள்விக்குள்ளேயே மடித்து வைத்து:
"ஒப்பாரிதானே, அக்கா?"

இல்லை தம்பி.
எங்கள் வீட்டில் யாரும் சத்தமாக அழுததில்லை.
மொய்.

மைக்கில் ஒருவர் பெயரைச் சொல்வார்.
நோட்டில் எழுதுகிறவர் அதையே திருப்பிச் சொல்வார்.
அப்புறம் தொகை.

பள்ளத்தூர் அடைக்கப்பன்.
பள்ளத்தூர் அடைக்கப்பன்.
ஐம்பத்தோரு ரூபாய்.

எட்டு வயதில் பந்திக்குப் போகாமல்
மைக்கடியிலேயே கிடந்தேன்.
இரண்டாம் தடவை சொல்லும்போது
அதே பெயர் அதே பெயராக இருப்பதில்லை;
அதற்குள் பந்தல் முழுக்க ஆளாளுக்கு
ஒரு தொகையை நினைத்துவிடுகிறார்கள்.
அந்த இடைவெளியைத்தான் பாடுகிறேன்.
ப்ளூஸ் என்று பெயர் இருப்பது பின்னால் தெரிந்தது.

என் கல்யாணம் பதினான்கு மாதம் நிலைத்தது.
நோட்டு நிலைத்துவிட்டது.
நூற்றுப் பதினேழு பெயர், திருப்பிச் செய்ய வேண்டியது.
ஆறு வருஷம் சென்னையில் ஓட்டல் பாரில் பாடினேன்,
கிரிக்கெட் திரை வந்து என் மூலையை எடுத்துக்கொள்ளும்வரை.
அந்தச் சம்பளத்தில் நாற்பது பெயரை அடித்தேன்.
முகூர்த்த மாதங்களில் குரல் கொஞ்சம் கட்டும்.

தம்பி தலையாட்டினான். எழுதிக்கொள்ளவில்லை.
ஒப்பாரி என்றிருந்தால் தலைப்பே கிடைத்திருக்கும் அவனுக்கு.

"நீங்க?" என்றான் முத்துராக்கிடம்.
பேஸ் வாசிக்கிறவன், இரண்டு பணியாரத்துக்கு ஒருமுறைதான் பேசுவான்.
"இவுக மூணு பேரும் எங்க தப்புவாகன்னு பாத்து
அங்க போயி நிப்பேன்.
வேற ஒண்ணுமில்ல."

ஜெனரேட்டர் மறுபடி போனது.
மேனேஜர் கவரோடு வந்தார்,
வவுச்சர்மேல் டார்ச்சைப் பிடித்துப் படித்தார்:

"சிகப்பி குழு, காரைக்குடி."

முத்துராக்கு, வாயில் பணியாரத்தோடு,
"சிகப்பி குழு, காரைக்குடி."

சிக்கந்தரின் விரல் தட்டு விளிம்புக்கு மேலே நின்றது.

பேசியதைவிட இரண்டாயிரம் குறைவு.

அரை மாத்திரை பிந்தி விரல் விழுந்தது.
பெட்டியை மூடப்போன அருளப்பன் மூடவில்லை.
"முக்கு வந்திருச்சு," என்றான்,
எழுந்து நின்று.